கேத்தலின் நாலாவது கால்

ஐயாவு வெள்ளிக் கேத்தலைக் கேஸ் அடுப்பில் ஏற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஐந்தே நிமிடத்தில் அதன் கால் ஒன்று கழன்று, பர்னரில் பட்டு உருண்டு, அவருடைய செருப்பின் மேல் வந்து விழுந்தது. அந்த ஐந்து நிமிடமும் அவர் இடுப்பில் கைவைத்துப் பெருமையாக நின்றுகொண்டிருந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முப்பது வருடமாக அந்தமானில், ஜங்லிகாட்டில் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர் அவர். கடைப் பலகையில் 'அடுப்பு டாக்டர்' என்று இந்தியிலும் தமிழிலும் எழுதியிருக்கும். தீயைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லாததால் அந்த வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது.

கேத்தல் முழுக்க வருடக்கணக்கான கறுப்பு. லேசாகச் சூடு காட்டினால் கறுப்பு இளகும், பிறகு புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும், நாளைக்கு வெள்ளிக் கடைக்காரரிடம் கௌரவமாகக் கொண்டுபோய்க் காட்டலாம். இதுதான் திட்டம். புளியும் கரைத்து வைத்தாயிற்று. ஒரு பக்கம் தேய்த்தும் பார்த்தாயிற்று.

"என்னங்க சத்தம்?" உள்ளேயிருந்து சுகுணா கேட்டாள். முட்டியில் வெந்நீர்ப் பை வைத்துக் கட்டிலில் காலை நீட்டியிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. கேத்தல் ஒரு கால மடக்கி உக்காந்திருச்சு."

"அடப்பாவி மனுசா! அடுப்புலயா வச்சீங்க?"

"நான் எதைத்தான் அடுப்புல வைக்காம இருந்திருக்கேன்?"

"என் முட்டியத் தவிர எல்லாத்தையும் வச்சாச்சு. அதையும் வச்சுருங்க, சீக்கிரம் கழண்டு விழட்டும்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் இப்போது எல்லாமே அந்த முட்டிகளைச் சுற்றித்தான். தெருவிலிருந்து வீட்டுக்கு ஏற இருபத்திரண்டு படி. கடந்த ஒரு வருடத்தில் சுகுணா கீழே இறங்கியது மூன்று முறை. மூன்றும் ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "ஆபரேஷன் பண்ணா நல்லது. பண்ணாமலும் கொஞ்ச நாள் ஓட்டலாம். மெயின்லேண்ட் போய்க் காட்டுங்க, பாக்கலாம்" என்றார். ஓட்டலாமா, எவ்வளவு நாள், எதைப் பாக்கலாம் என்று ஐயாவு கேட்டதற்கு, டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் அலமாரி மேலிருந்த வெள்ளிச் சாமானின் ஞாபகம் வந்தது.

அது ஒரு தேநீர் செட். கேத்தல், சீனிக் கிண்ணம், பால் சொம்பு என்று மூன்று உருப்படி. ஐயாவின் அப்பா காத்தமுத்து இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது துரைக்குச் சமையல்காரராக, இருந்தவர். அம்மா அழகம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். குடியுரிமை இல்லையென்று கப்பலேற்றி அனுப்பியபோது ஐயாவுக்கு மூன்று வயது, அக்கா ஒச்சம்மாவுக்கு ஒன்பது. மண்டபம் கேம்ப், அங்கிருந்து அந்தமான், கடைசியில் ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலை. துரை தன் கையாலேயே கொடுத்த செட் என்று அப்பா சொல்வார். அப்பா சொன்ன முதல் கதையில் துரை அதை நின்றுகொண்டு கொடுத்தார். ஐயாவு பள்ளிக்கூடம் போகும் வயதில், துரையின் நாயை அட்டைக்கடியிலிருந்து அப்பா காப்பாற்றியதற்காகக் கொடுத்தார். ஐயாவுக்குக் கல்யாணம் ஆகும் சமயம், துரை அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே கொடுத்தார். அப்பா இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் துரை கூடவே கப்பலேறி வந்திருப்பார்.

சாவதற்கு முன்னால் அப்பா பாகம் பிரித்தார். ஹட் பேயில் ஒரு ஆசாரியை வைத்து, தராசில் நிறுத்தி, கேத்தலும் கிண்ணமும் மகனுக்கு, பால் சொம்பும் அம்மாவின் தோடும் மகளுக்கு. கணக்கு நியாயம்தான். அதனால் ஒரு செட் மூன்று பாத்திரங்கள் ஆனது என்பதை ஆசாரியும் யோசிக்கவில்லை, அப்பாவும் யோசிக்கவில்லை.

*

அபர்தீன் பஜாரில் வெள்ளிப் பாத்திரக்கடை வைத்திருக்கும் இராமகிருஷ்ணன் கும்பகோணத்துக்காரர். பழைய வெள்ளிச் சாமான் கிடைத்தால் சென்னையில் இருக்கும் தன் மச்சினருக்கு அனுப்புவார். கேத்தலை வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்த்தார்.

"புளியா?"

"லேசா, சார்."

"எவ்வளவு லேசா?"

"ஒரு எலுமிச்சங்காய் அளவு."

இராமகிருஷ்ணன் கண்ணை மூடித் திறந்தார். "முழுசும் தேய்ச்சீங்களா?"

"ஒரு பக்கம்தான். அதுக்குள்ள கால் விழுந்துருச்சு."

"அந்தக் காலுக்குக் கோயில் கட்டுங்க. மீதிப் பக்கத்தக் காப்பாத்தியிருக்கு."

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கேத்தலைக் கவிழ்த்தார். அடியில் கடுகு அளவில் வரிசையாகச் சில முத்திரைகள். அவற்றை ஐயாவையும் பார்க்கச் சொன்னார். நடக்கிற மாதிரி ஒரு சிங்கம். பக்கத்தில் நங்கூரம். அப்புறம் ஒரு தனி எழுத்து, இன்னொரு கட்டத்தில் இரண்டு எழுத்து.

"சிங்கம் இருந்தா முழு வெள்ளி. மேல்பூச்சுச் சாமானுக்குச் சிங்கம் போட மாட்டான். நங்கூரம்னா பர்மிங்காம்ல முத்திரை வாங்கினது. அந்த ஒத்தை எழுத்து வருஷம், அந்த ரெட்டை எழுத்து செஞ்சவன் பேரு."

"எந்த வருஷம் சார்?"

"புஸ்தகம் பாக்கணும். நூறு வருஷத்துக்குக் கொறையாது. கூடவும் இருக்கலாம்."

ஐயாவு மனதுக்குள் இந்தப் பதிலையும் டாக்டரின் பதிலோடு சேர்த்து வைத்தார்.

பிறகு இராமகிருஷ்ணன் பாடம் எடுத்தார். கொடி வேலைப்பாட்டின் பள்ளத்தில் இருக்கிற கறுப்பு அழுக்கு இல்லை. அதுதான் பூவைப் பூவாகக் காட்டுகிறது. அதைத் தேய்த்து எடுத்தால் பூ வழுக்கையாகிவிடும். புளி, சாம்பல், கம்பி நார், பாத்திரப் பவுடர், எதுவும் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய வேட்டித் துணி, உடனே ஈரம் போகத் துடைத்தல். முடிந்தது வேலை. நியூஸ்பேப்பரில் சுற்றக் கூடாது, ரப்பர் பேண்டு போடக் கூடாது. இந்த ஊர் கடல்காற்றுக்குப் பையில் இரண்டு சாக்பீஸ் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

"அடுப்பு?" என்றார் ஐயாவு, ஒரு நப்பாசையில்.

இராமகிருஷ்ணன் மறுபடியும் கண்ணை மூடித் திறந்தார். கழன்ற காலைக் கையில் எடுத்து, அது ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் கீறினார். சாம்பல் நிறத்தில் ஏதோ சுருண்டு வந்தது.

"இது ஈயம்."

"அப்படின்னா?"

"மத்த மூணு காலும் வெள்ளிப் பத்து, வெள்ளியாலயே ஒட்டினது. உங்க கேஸ் அடுப்புக்கெல்லாம் அசையாது. இந்தக் கால் மட்டும் ஏற்கெனவே ஒரு தடவ விழுந்திருக்கு. தெருவுல பாத்திரம் அடைக்கிறவன் யாரோ ஈயம் வச்சு ஒட்டியிருக்கான். அது மட்டுமில்ல, அடிய பாருங்க, லேசா உப்பியிருக்கு. இதத் தூக்கி விறகடுப்புல, நெருப்புக் கங்குக்குள்ள வச்சிருக்காங்க."

"யாரு?"

"அத நான் உங்களக் கேக்கணும். துரை பங்களாவுல இத யாரும் நெருப்புல வைக்க மாட்டாங்க. தண்ணிய வேற பாத்திரத்துல கொதிக்க வச்சு இதுல ஊத்துவாங்க. இது பரிமார்ற சாமான். அப்புவுக்குத் தெரியாம இருக்குமா?"

ஐயாவு சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். செட் எப்படிக் கைக்கு வந்தது என்று எழுத்தில் வேண்டும் என இராமகிருஷ்ணன் போனிலேயே கேட்டிருந்தார். ஐயாவு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தார். நாய் இருந்தது, அட்டை இருந்தது, பச்சை வெல்வெட் பெட்டி இருந்தது, துரை கண்ணீர் விட்ட இடத்தில் கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்ந்திருந்தது.

இராமகிருஷ்ணன் நிதானமாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அருமையா எழுதியிருக்கீங்க. அதான் பயமா இருக்கு."

"சார்..."

"எடைக்குப் போட்டா வெள்ளி விலை. அத இப்பவே தரேன், கடிதம்கூட வேணாம். செட்டா, பால் சொம்போட, வந்த கதையோட போனா ரெண்டு மடங்குக்கு மேலயே வாங்கித் தருவேன். ஆனா கதை நிஜமா இருக்கணும். ஈயம் ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொன்னா, வாங்குறவன் ரெண்டையும் நம்ப மாட்டான். நல்லதா இருக்கணும்னு இல்ல அண்ணே. நடந்ததா இருந்தாப் போதும்."

வீடு திரும்பும்போது ஆட்டோவில் ஐயாவு கணக்குப் போட்டார். எடைக்குப் போட்டால் ஒரு முட்டி. செட்டாகப் போனால் இரண்டு முட்டி. ஒரு முட்டியை மட்டும் மாற்றிக்கொண்டு இருபத்திரண்டு படி இறங்குவது எப்படி என்று யோசித்துப் பார்த்தார். நொண்டியாட்டம்தான் ஞாபகம் வந்தது.

அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. இலங்கையைப் பற்றி அவருக்குச் சொந்த ஞாபகம் என்று எதுவும் இல்லை. மூன்று வயதில் என்ன இருக்கும்? அங்கிருந்து அவர் கொண்டுவந்தது அப்பா சொன்ன அந்த ஒரு கதைதான். துரை கொடுக்கவில்லை என்றால், பிறகு? சமையல்காரர் வீட்டில் துரையின் வெள்ளி இருப்பதற்கு இன்னொரு காரணம்தான் உண்டு. அந்தக் காரணத்தை மனதுக்குள்கூட முழு வாக்கியமாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அக்காட்ட கேளுங்க," என்றாள் சுகுணா. "உங்க அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"எட்டு மாசமா சொம்பக் கேக்குறேன். 'பாத்துக்கலாம்டா'ங்குது. இதக் கேட்டா என்ன சொல்லும்?"

"அதையும் பாத்துக்கலாம்பாங்க. போன்ல கேட்டா அப்படித்தான். நேர்ல போய் மூஞ்சிக்கு நேரா நில்லுங்க."

*

கப்பல் டிக்கெட் கவுண்டரில் ஐயாவு, நாளைக் காலை ஹட் பே கப்பல் போகுமா என்று கேட்டார். "ஜானா தோ சாஹியே," என்றார் உள்ளே இருந்தவர். போக வேண்டியதுதான் என்று அர்த்தம். போகும் என்று அர்த்தம் இல்லை. மறுநாள் போகவில்லை. கடல் சரியில்லை என்றார்கள். அதற்கு மறுநாளும் போகவில்லை, அன்றைக்குக் கடல் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை ஜெட்டியில் நாலரை மணி நேரம் உட்கார்ந்து, தீவின் தலைநகருக்குப் பெயரை மாற்றிவிட்டார்களே தவிர கப்பலின் குணத்தை மாற்றவில்லையே என்று பக்கத்திலிருந்த வங்காளிப் பெரியவரோடு இந்தியில் புலம்பி, ஒருவழியாகக் கப்பலேறினார். கடலில் ஏழு மணி நேரம். கேத்தல், கிண்ணம், கழன்ற கால் மூன்றும் வேட்டித் துணியில் சுற்றிப் பையோடு மடியில் இருந்தன. நடுவில் அலை தூக்கிப் போட்டபோது, வாந்தி வருமோ என்று பையை மட்டும் தள்ளி வைத்தார். இராமகிருஷ்ணன் பட்டியலில் புளி இருந்தது, இது இல்லை. ஆனால் இதுவும் ஆகாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

ஒச்சம்மா ஜெட்டிக்கு வந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. பனைத் தோட்டத்தில் குலை சுமந்து சுமந்து ஒரு தோள் மட்டும் இறங்கியிருக்கும். புருசன் போய்ச் சேர்ந்து நாலு வருடம். தனியாகப் பாக்குத் தோட்டமும் பத்து கோழியும் வைத்துக்கொண்டு யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறாள்.

"இளைச்சுட்டியேடா தம்பி."

"கப்பல்ல எறங்குன எல்லாரையும் இப்படித்தான் சொல்லுவியா?"

"மத்தவங்க தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு எறங்கல."

வீட்டுக்குப் போனதும் தேத்தண்ணி வந்தது. பிறகு சோறும் சூரைமீன் குழம்பும் வந்தன. ஐயாவு இரண்டு கவளம் உள்ளே போனதும் கேட்டார்.

"அக்கா, அந்தக் கேத்தல அப்பாவுக்கு நெசமாவே தொரைதான் குடுத்தாரா?"

"மீன்ல முள்ளு இருக்கு. பாத்துத் தின்னு."

"கால் ஒண்ணு கழண்டுருச்சு. ஈயம் வச்சு ஒட்டியிருக்குங்குறாங்க. யாரோ அடுப்புல வச்சிருக்காங்களாம்."

ஒச்சம்மாவின் கை குழம்புச் சட்டியில் ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு பெரிய துண்டை அவர் தட்டில் போட்டாள்.

"சுகுணாவுக்கு இப்ப எப்படி? குனிய முடியுதா?"

"நீ பேச்ச மாத்துற."

"மாத்தாம? நீ வந்ததுல இருந்து பாத்திரத்தப் பத்தியே பேசுற. மனுசங்களப் பத்திப் பேச வேணாமா?"

பால் சொம்பு சாமி மாடத்தில் இருந்தது. கொஞ்சம் சந்தனம், கொஞ்சம் குங்குமம், நடுவில் ஒரு செம்பருத்தி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வரும். சுனாமி அன்றைக்கு மேட்டுக்கு ஓடும்போது ஒச்சம்மா வீட்டிலிருந்து எடுத்தது இரண்டே சாமான்: ரேஷன் கார்டு, இந்தச் சொம்பு. ஐயாவு அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் குங்குமம் அப்பியிருந்தது.

"இங்க எதுக்கு வச்சிருக்க?"

"சிங்கம் இருக்குல்ல? ஆத்தா வாகனம். சிங்கத்துக்குப் பொட்டு வைக்காம ஆத்தாவுக்கு மட்டும் வச்சா நல்லாவா இருக்கும்?"

பர்மிங்காமில் முத்திரை குத்தியவனை நினைத்து ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் விரலால் தேய்த்துத் தேய்த்து சிங்கத்தின் பிடரி போய்விட்டிருந்தது. இப்போது அது ஒரு நல்ல பூனை. இராமகிருஷ்ணன் பார்த்தால் எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொள்வாரோ.

"அக்கா, இது சேர்ந்தாத்தான் செட்டு. ரெண்டு முட்டிக்கும் ஆகும். தருவியா, மாட்டியா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லு, நான் கோச்சுக்க மாட்டேன். பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லாத."

ஒச்சம்மா வெளியே கோழிகளைப் பார்த்தாள். "நானா சொல்ல இதுல என்ன இருக்கு? பூக்கட்டிக் கேப்போம். ஆத்தா சொல்லட்டும்."

சாயங்காலம் கோயிலுக்குப் போனார்கள். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். ஒச்சம்மா சிவப்புச் செம்பருத்தி ஒன்றையும் வெள்ளை நந்தியாவட்டை ஒன்றையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் பொட்டலமாகக் கட்டி, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டாள். சிவப்பு வந்தால் விற்கலாம். வெள்ளை வந்தால் கூடாது.

"அப்பா சொத்து. விக்கலாமா, வேணாமா, சொல்லு ஆத்தா," என்று சத்தமாகக் கேட்டாள். தம்பியை எடுக்கச் சொன்னாள்.

டாக்டர், கடைக்காரர், டிக்கெட் கவுண்டர், அக்கா என்று எல்லோரிடமும் கேட்டுக் களைத்த மனுசன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

ஐயாவு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம்கூட வரவில்லை. இத்தனை நாளில் அவருக்குக் கிடைத்த முதல் நேரான பதில் இது. அதுவும் 'கூடாது' என்ற பதில்.

"சரி விடு," என்றார். "கேத்தலையும் கிண்ணத்தையும் எடைக்குப் போட்டுர்றேன். ஒரு முட்டி ஒரு முட்டிதான்."

திரும்பி நடக்கும்போது ஒச்சம்மா அம்மனை இரண்டு தரம் திரும்பிப் பார்த்ததை மட்டும் அவர் கவனித்தார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவள் பார்ப்பது போல.

*

மறுநாள் காலை அவர் விழித்தபோது அக்கா வீட்டில் இல்லை. அடுப்படியில் இட்லி மூடி வைத்திருந்தது. ஐயாவு தின்றுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் மனத்தாங்கலோடு ஜெட்டிக்கு வந்தார். வழியனுப்பக்கூட வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே வரிசையில் நின்றார். கப்பல் அன்றைக்கென்று பார்த்து நேரத்துக்கு வந்து நின்றது.

வரிசை பாதி நகர்ந்தபோது ஒச்சம்மா மூச்சிரைக்க வந்தாள். ஈரத் தலை, நெற்றி நிறையத் திருநீறு. ஒரு மஞ்சப்பையை அவர் கையில் திணித்தாள். கனத்தது. உள்ளே சொம்பு.

"என்னக்கா இது? சாமி வேணாம்னுச்சே?"

"நேத்து நான் கேட்டது தப்பு. அப்பா சொத்துன்னு சொல்லிக் கேட்டேன். அது அப்பா சொத்தே இல்லையே, ஆத்தா எப்படிச் சரின்னு சொல்லுவா? விடியறதுக்கு முன்ன போய்ச் சரியாக் கேட்டேன். செவப்பு வந்துச்சு."

"அப்பா சொத்து இல்லையா? அப்ப தொரை குடுக்கலையா?"

"தொரை ஒரு கொட்டப்பாக்குகூடக் குடுத்ததில்ல."

பின்னால் நின்றவர், "அரே பாயி, ஆகே படோ," என்று முன்னே போகச் சொல்லித் தள்ளினார். ஐயாவு வரிசையை விட்டு ஓரமாக விலகினார். கப்பல் ஒருமுறை ஊதியது. இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்த அந்த வாக்கியத்தை ஒருவழியாக வெளியே விட்டார்.

"அப்பா திருடினாரா?"

"அப்பாவுக்கு மண்டபம் வர்ற வரைக்கும் தெரியவே தெரியாது."

"அப்ப யாருதான்கா எடுத்தது? எனக்கு ஐம்பத்திரண்டு வயசாச்சு. நீயாவது சுத்தி வளைக்காம சொல்லு."

ஒச்சம்மா அவரைப் பார்க்காமல் கப்பலைப் பார்த்துப் பேசினாள். மெதுவாக ஆரம்பித்து, போகப் போக வேகமாக.

"தோட்டத்த அரசாங்கம் எடுத்துக்கிட்ட சமயம். தொரை ஊருக்குப் போறாரு. பங்களா முழுக்கப் பெட்டி, பொட்டலம். நமக்கும் கப்பல் சீட்டு வந்துருச்சு. கடைசி நாள் அம்மா வெறகு கொண்டுபோய்ப் போட்டா, நானும் கூடப் போனேன். ஒரு துணியில மூட்டையா இது கெடந்துச்சு. கேத்தல் மூக்கு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்படியே தூக்கிக் கொழுந்துக் கூடையில போட்டா. வாயத் தொறந்தா நாக்க அறுத்துருவேன்னா என்னைய. வெள்ளின்னு அவளுக்குத் தெரியாதுடா. மின்னுற கேத்தல்னு நெனச்சா. லயத்து வீட்டுக்கு வந்து சட்டிக்கரிய அள்ளிப் பூசுனா. தலைமன்னார்ல கஸ்டம்ஸ்காரன் தூக்கிப் பாத்துட்டு, ஓட்டக் கேத்தல்னு கீழ வச்சுட்டான். மண்டபத்துல கேம்ப் அடுப்புல தேத்தண்ணி போடுறேன்னு கங்குக்குள்ள சொருகி வச்சா. கால் விழுந்துருச்சு. கரி போய் வெள்ள வெளேர்னு வந்துச்சு பாரு, அப்பதான் அப்பா பாத்தாரு. தலையில கைய வச்சுட்டு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"ராத்திரி பூரா சொல்லல. காலையில ஈயம் பூசுறவன் வந்தான். இது எப்படிய்யா உங்களுக்குன்னு கேட்டான். தொரை குடுத்தாருன்னாரு அப்பா. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். கேக்குற ஆளுக்குத் தக்கன ஒவ்வொண்ணாச் சேத்துக்கிட்டே போனாரு. நாயி, அட்டை, அழுகை. எல்லாம் அம்மா பேரு வெளிய வரக் கூடாதுன்னுதான். அம்மா சாகுறப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, அதுல ஒண்ணாவது சாமிக்கிட்ட இருக்கட்டும்னு. அதான் சொம்ப நான் கேட்டு வாங்குனேன். அதான் உனக்குக் குடுக்கவும் முடியல, சொல்லவும் முடியல."

ஐயாவு கையிலிருந்த தன் பையைத் தடவினார். கழன்ற கால் துணிக்குள் உருண்டது. அப்பா, அம்மா, அந்தக் கேம்ப் அடுப்பு, ஜங்லிகாட்டில் இடுப்பில் கைவைத்து நின்ற அவர். அம்மாவைப் போலவே அதே கேத்தலை, அதே கால் விழும்படி, அடுப்பில் வைத்திருக்கிறோம் என்பது மெதுவாக உறைத்தது. முப்பது வருடமாக மெக்கானிக் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தது அம்மாவிடமிருந்து வந்த குணம் போலிருக்கிறது.

"ஆத்தாகிட்ட என்னன்னு கேட்ட?"

"எங்கம்மா திருடினது, என் தம்பி பொண்டாட்டி நடக்கணும், விக்கட்டுமான்னு கேட்டேன். பால் ஊத்த எவர்சில்வர் சொம்பு வாங்கித் தரேன்னேன். செவப்பு. ரெண்டாந் தடவயும் செவப்பு."

கப்பல் மறுபடியும் ஊதியது. பலகையை எடுக்கப் போகிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். ஐயாவு ஒரு காலைப் பலகையில் வைத்துக்கொண்டே திரும்பினார். சட்டைப்பையில் நாயும் அட்டையும் வெல்வெட் பெட்டியும் அடங்கிய கடிதம் மொடமொடத்தது.

"அக்கா, அந்தக் கடைக்காரர் எழுதிக் கேப்பாரு. நான் என்னன்னு எழுத?"

ஒச்சம்மா இந்தத் தடவை அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அழகம்மா எடுத்தான்னு எழுது. புது ஊருக்குப் போறோம், தண்ணி சுட வைக்க எங்க வீட்டுல ஒரு கேத்தல் இல்ல, அதனால எடுத்தான்னு எழுது."